சிவப்பு மட்டும்

அந்த அச்சுக்கூடத்தில் கேலிப்படங்களுக்கு வண்ணம் தீட்டும் பெண்களுக்கு ஆளுக்கொரு நிறம். தாயாரம்மாவுக்குச் சிவப்பு. துரைமாரின் கன்னம், தாசில்தாரின் தலைப்பாகை என்று தொட்டுவைத்துத் தள்ளிவிடுவாள். முழுப்படத்தையும் பார்க்க நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. அன்று ஒரு குடிகாரனின் மூக்கு. பொழுது சாய, கை ஓய்ந்துபோய் ஒரு தாளைச் சும்மா பார்த்தாள். சாராயக்கடை வாசலில் கிடப்பவனைத் தோளைப் பிடித்துத் தூக்குகிறாள் ஒருத்தி; இடுப்பில் பிள்ளை, ஒரு காலில் மட்டும் மெட்டி. படம் வரைகிறவர் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் வருவார். தாயாரம்மா மெட்டியில்லாத தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“மூக்கு இன்னும் சிவக்கணும்மா. பாத்தா ஜனங்க சிரிக்க வேணாமா?” என்றார் மேஸ்திரி.

“அவருக்கு இவ்வளவுதாங்க சிவக்கும்,” என்று அவள் அடுத்த தாளை எடுத்தாள்.