குலுங்காத வண்டி

"இடிக்கறதுக்குத்தானே கேக்கறீங்க?"

கதவைப் பாதி திறந்தபடி ஆர்டித் அம்மாள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ஐயோ, என்னம்மா நீங்க! காடிலாக் காரைப் போய் எவனாவது இடிப்பானா?" என்றான் லோவெல்.

இடிப்பான். அவனே இடிப்பான். சனிக்கிழமை பொருட்காட்சி மைதானத்தில் மோதல் பந்தயம். வண்டிகளைச் சேற்றில் இறக்கிவிட்டு ஒன்றையொன்று முட்டி நொறுக்க வேண்டும். கடைசியில் எது ஓடுகிறதோ அதற்குக் கோப்பை. லோவெல் இரண்டு வருடமாகக் கடைசிச் சுற்றில் தோற்றவன். இந்த வருடமோ அவன் வண்டியின் எஞ்சின் முன்கூட்டியே செத்துவிட்டது. வேறு வண்டி கிடைக்காவிட்டால், பெஞ்சில் உட்கார்ந்து சோளப்பொரி தின்றபடி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அடி தாங்குவது பழைய காலத்துப் பெரிய வண்டிகள்தான். அவற்றை வைத்திருப்பவர்களோ பந்தயம் என்றால் முகத்திலேயே கதவைச் சாத்துவார்கள். அதனால் மிச்சிகனில் பந்தயக்காரர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். லோவெலும் தன் டிரக்கில் கிடந்த ஹெல்மெட்டின் மேல் கோணிப்பையைப் போட்டு மூடிவிட்டுத்தான் இறங்கியிருந்தான்.

"குழந்தை மாதிரி பாத்துக்குவேம்மா. எங்கப்பாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. இதே பச்சை."

அப்பாவிடம் இருந்தது ஒரு சைக்கிள்.

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"பழைய ஞாபகம்மா." நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்திருந்தான்.

ஆர்டித் அம்மாள் பெருமூச்சு விட்டாள். "சரி, ஓட்டிப் பாரு தம்பி. நானும் வரேன்."

கொட்டகைக் கதவைத் திறந்ததும் லோவெல் வாசலிலேயே நின்றுவிட்டான். ஒரு படகைக் கொண்டுவந்து கரையில் நிறுத்தியதுபோல் இருந்தது வண்டி. சீட்டில் ஒரு கறை கிடையாது. பின்சீட்டில் இன்னும் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை.

"எம் புருஷன் ஹார்லன் போனதுக்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்தான் அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வெப்பாரு" என்றாள். முன்சீட்டு நுனியில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு, பஸ்ஸில் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள்.

சோளக்காடுகளுக்கு நடுவே வண்டி போனது. எஞ்சின் சத்தமே இல்லை. ஒரு விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடிந்தது. முன்னால் ரயில் பாதை வந்தது. அவன் டிரக்கில் அந்த இடத்தைக் கடந்தால் பல்லெல்லாம் ஆடிப்போகும். இதில் தண்டவாளம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

"குலுங்குச்சா?" என்று கேட்டாள்.

"துளிக்கூட இல்லம்மா."

"டிரக்குன்னா ரொம்பக் குலுங்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லோவெலுக்கு எட்டு வயதில் ஒரு நாள் ஞாபகம் வந்தது. இப்படிப்பட்ட வண்டியில் அவன் அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறான். அம்மாவின் சவப்பெட்டிக்குப் பின்னால், சவ அடக்கக்காரரின் கறுப்பு வண்டியில். அது அவ்வளவு அலுங்காமல் போனதால் அவன் தூங்கிவிட்டான். கல்லறையில் அப்பா கன்னத்தில் அறைந்து எழுப்பினார். அந்த மாதிரித் தூக்கம் அதற்குப் பிறகு அவனுக்கு வந்ததில்லை.

வண்டியைத் திருப்பும்போது முடிவு செய்துவிட்டான். சனிக்கிழமை போனால் போகட்டும். இதற்கு ஒரு கீறல் விழக்கூடாது.

கொட்டகை வாசலில் நிறுத்தினான். இறங்க மனமில்லாமல் டாஷ்போர்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன். உண்மையச் சொல்லு. இத இடிக்க மாட்டியே?"

"சத்தியமா மாட்டேம்மா." இடிப்பதைப் பற்றி அன்று காலையில் அவன் சொன்ன முதல் உண்மை அது.

ஆர்டித் அம்மாள் கை நீட்டிச் சாவியை உருவிக்கொண்டாள்.

"அப்ப உனக்கு இல்ல தம்பி."

"என்னம்மா?"

"எனக்குப் பிரசவ வலி எடுத்தப்ப, சீட்டு கறையாயிடும்னு என்னை இதுல ஏத்தமாட்டேன்னுட்டாரு ஹார்லன். பக்கத்து வீட்டு டிரக்ல, வைக்கோல் மேல படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாரு. அவரு பின்னாலயே இதுல அலுங்காம வந்து சேந்தாரு." அவள் குரலில் கோபம்கூட இல்லை. பழைய வானிலைச் செய்தி படிப்பதுபோல் சொன்னாள். "சனிக்கிழமைக்கு முன்வரிசை டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன். இது நசுங்கறத உக்காந்து பாக்கணும். வர்றவன்கிட்டயெல்லாம் முதல் கேள்வியே அதான் கேக்கறேன். ஒருத்தனாவது ஆமான்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா? டெர்க்குனு ஒருத்தன், கர்ட்டுனு ஒருத்தன், அந்த வாண்டர்வீன் அண்ணன் தம்பிங்க... எல்லாரும் குழந்தை மாதிரி பாத்துக்குவாங்களாம்!"

லோவெல் இறங்கி நின்றான். போன வருடக் கோப்பை டெர்க்கினுடையது. அதற்கு முந்தின வருடக் கோப்பை கர்ட்டினுடையது. வாண்டர்வீன் சகோதரர்கள் சனிக்கிழமைதான் முதல்முறையாக இறங்குகிறார்கள்.

"உனக்குத் தெரிஞ்சு இடிக்கறவங்க யாராச்சும் இருந்தா அனுப்பி வை தம்பி. சும்மாவே குடுத்துடறேன்."

லோவெல் பச்சை வண்டியை ஒருமுறை பார்த்தான்.

"அந்த மாதிரி ஆளுங்க யாரையும் எனக்குத் தெரியாதும்மா."