நாற்பது கிலோ

தொற்றில் இறந்தவரின் உடலும் மருத்துவக் கழிவுதான் என்று சட்டம் வந்த பிறகு, ஜெயசிங் இயக்கும் எரியுலைக்கு எத்தனையோ மஞ்சள் பைகள் வந்துவிட்டன. இன்று வந்த பையில் அவன் மனைவி மெர்சி இருந்தாள்.

நாற்பது கிலோவுக்குக் குறைந்தால் உலை எரியாது. நோயில் உருகிப்போன மெர்சி முப்பத்தொரு கிலோதான் இருந்தாள்.

"இன்னொருத்தர் பையையும் சேத்துப் போட்டாத்தான் எரியும், மக்கா."

"வேண்டாம்ப்பா. கல்லறையில வைக்கிறது அம்மா சாம்பலா மட்டும்தான் இருக்கணும்" என்றாள் மகள் நிர்மலா.

"அப்போ அவ சாமானத்தையே போட்டு எடையைக் கூட்டணும்."

நிர்மலா வீட்டிலிருந்து அம்மாவின் பஞ்சு மெத்தையையும் தலையணையையும் கொண்டுவந்தாள். உலையின் எடைகாட்டியில் முப்பத்தாறு. புடவைகளையும், ஓரமெல்லாம் பென்சிலால் எழுதிய வேதாகமத்தையும் வைத்தாள். முப்பத்தொன்பது. கடைசியாக, கல்யாணப் பட்டுச்சேலையை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"மண்டபத்துலயே உங்கம்மா என்னை ஏசுனா. 'இது சேலையா, சிமெண்டு மூட்டையா'ன்னு" என்றான் ஜெயசிங்.

நிர்மலா சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு அந்தச் சேலையையும் உள்ளே வைத்தாள். நாற்பது என்று காட்டியதும் கதவு தானாக மூடிக்கொண்டது. மெர்சியின் வாசனையுள்ள துணி ஒன்றுகூட இனி வீட்டில் இல்லை.

மாலையில் சாம்பல் ஆறியதும், ஒரு சில்வர் டப்பாவில் அள்ளி மகளிடம் நீட்டினான்.

நிர்மலா அதை வாங்கி, கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல அம்மா எவ்வளவுப்பா?"