வழி தொலைக்கும் மச்சான்

மறுபடியும் தப்பு வழி.

பாதை ஒரு மாட்டுக் கொட்டகையில் போய் முட்டி நின்றது. தையல்காரருக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

“இருபத்தாறு வருஷம் எப்படி மச்சான் பஸ் ஓட்டினீங்க? ஏறினவங்கல்லாம் எந்த ஊர்ல போய் இறங்கினாங்க?”

“மஞ்சள் அம்புக்குறி கண்ணுல படல, மாப்பிள்ளை,” என்றார் மனைவியின் அண்ணன். முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை.

ஒன்பது நாள் பாதயாத்திரையில் இது ஐந்தாவது நாள். ராத்திரி தங்கும் ஒவ்வொரு விடுதியிலும் நடைப் புத்தகத்தில் ஒரு முத்திரை. ஐந்து மணிக்கு மேல் போனால் கிடையாது. நடுவில் வண்டி ஏறினால் யாத்திரையே கிடையாது.

மச்சான் வரைபடத்தைப் பிடித்த லட்சணம், இரண்டாம் நாள் கல் குவாரி. மூன்றாம் நாள் யார் வீட்டுக் கொல்லையோ, நாய் விரட்டியது. நேற்று சேற்றில் தையல்காரரின் ஒரு செருப்பு போனது.

இருவரும் திரும்பி வந்தபோது, பாதை பிரியும் இடத்தில் மனைவி மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்கு என்ன பார்த்துட்டு வந்தீங்க?”

“மாடு,” என்றார் தையல்காரர்.

விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளுக்கு நுரையீரலில் ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேண்டிக்கொண்ட நடை இது. ‘அங்கங்கே உட்கார்ந்து போங்க’ என்றுதான் டாக்டர் விட்டிருந்தார். ஆனால் முதல் நாள் இவர்கள் ஒரு திருப்பத்தில் நின்றதற்கே கண் கலங்கிவிட்டாள்.

“எனக்காக யாரும் நிக்கவும் வேண்டாம், கூடவே ஊர்ந்து வரவும் வேண்டாம். இன்னொரு தடவை நின்னீங்க, பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவேன்.”

சொன்னால் செய்கிறவள்.

“கொடுங்க அதை,” என்று மச்சானிடமிருந்து வரைபடத்தைப் பிடுங்கினார் தையல்காரர். அரை அங்குலம் பிசகினாலும் பிரித்துத் தைக்கிற ஆள். “இனி நான் பார்த்துக்கறேன்.”

மச்சான் தங்கையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

ஒன்றரை மணி நேரம் ஒரு பிசகில்லை. பாலம் வந்தது. பக்கத்தில் கல்லில் அம்புக்குறி பளிச்சென்று வலப்பக்கம் காட்டியது.

“பார்த்தீங்களா? இதுதான் வழி பார்க்கிற லட்சணம்.”

பெருமையாகத் திரும்பினார். மனைவி எங்கோ ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். கால் தானாக நின்றுவிட்டது.

அவள் வந்து சேர வெகு நேரம் ஆனது. நெஞ்சில் கை. உதடு வெளுத்திருந்தது. இருவரும் நிற்பதைப் பார்த்தாள். பிறகு சாலைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள்.

“எனக்காக நிக்கிறீங்களா?”

தையல்காரருக்குப் பொய் வராது. வாயைத் திறந்தார்.

“உனக்காக யாரும்மா நின்னா?” மச்சான் முந்திக்கொண்டார். அம்புக்குறிக் கல்லில் சவுகரியமாக முதுகைச் சாய்த்திருந்தார். “பெரிசா பிடுங்கினாரே உன் வீட்டுக்காரர், வழியைத் தொலைச்சுட்டு முழிக்கிறார்.”

“நானா? நானா தொலைச்சேன்?”

மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். “நீங்களுமா? நல்ல ஜோடி! போய்த் தேடிட்டு வாங்க. நான் இந்த மரத்தடியில உட்கார்றேன்.”

மச்சான் அவர் கையைப் பிடித்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். திருப்பம் தாண்டியதும் தையல்காரர் கையை உதறினார்.

“குறியை முதுகால மறைச்சுக்கிட்டு என் மானத்தை வாங்குறீங்களே, நியாயமா மச்சான்?”

மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் எட்டிப் பார்த்தார். மரத்தில் சாய்ந்திருந்த தங்கையின் மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“ரெண்டாம் நாள் முக்கால் மணி நேரம் வழியைத் தொலைக்க வேண்டியிருந்தது, மாப்பிள்ளை. இன்னைக்கு இருபது நிமிஷம் போதும்போல இருக்கு.”