புகாரின் நகல்

கைப்பையை அவள் மறுபடியும் மடியில் கவிழ்த்தாள். சாவி, சீப்பு, ஏதோ ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை.

மூக்குக்கண்ணாடி இல்லை.

கிளம்பும்போது கணவர் படுத்திய அவசரத்தில் அது மேசைமேலேயே தங்கிவிட்டது. நான்தான் கூட வருகிறேனே, படித்துச் சொல்லமாட்டேனா என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

நகராட்சி அலுவலகத்தின் தகவல் அதிகாரி நகலெடுக்கும் அறைக்குள் போனவர் போனவர்தான். அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. திரும்பிவந்து உட்கார்ந்தாள்.

ஊரில் உள்ள தகவலையெல்லாம் அவள் கேட்கவில்லை. வீட்டின் முன்னறையில் நடத்திவந்த குழந்தைகள் காப்பகத்தை நகராட்சி ஒரு புகாரை வைத்து இழுத்து மூடியது. அந்தப் புகாரின் நகல் வேண்டும், அவ்வளவுதான். அதற்கே மனு, நினைவூட்டல், மேல்முறையீடு என்று செருப்புத் தேய நடந்தாயிற்று.

எழுதியது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாடிவீட்டுக்காரி. போன வருடம்தான் குடிவந்தாள். வந்த நாளிலிருந்தே சத்தம், சத்தம் என்று மூக்கால் அழுதவள் வேறு யார்?

கதவுக்கு முத்திரை வைத்த அன்று மாலையே அவளைப் படிக்கட்டில் மறித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டாயிற்று. நான் எழுதவில்லை என்று மாடிவீட்டுக்காரி அழுதாள். என்ன நடிப்பு!

அவள்தான் என்று எழுத்தில் காட்டினால் காலிபண்ணச் சொல்கிறேன் என்று மாடிவீட்டின் உரிமையாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் கைக்கு வரவேண்டியதுதான் பாக்கி.

பக்கத்தில் கணவர் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாவம் மனிதர். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, இத்தனை வருடமும் குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு தூங்கியவர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு துணைக்கு வந்திருக்கிறார். அதை நினைத்ததும் அவளுக்கு நெஞ்சு இளகியது.

அதிகாரி சூடு ஆறாத ஒரு தாளுடன் வந்தார்.

"யார் எழுதினதுன்னு காட்டிக்கொடுக்கிறத மட்டும் கறுப்பால அடிச்சிருக்கோம்மா. சட்டம் அப்படி."

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் கை நீட்டுவதற்குள் கணவர் எட்டித் தாளை வாங்கிக்கொண்டார். மேலும் கீழும் பார்த்தார். பேரை அடித்துவிட்டார்கள் என்று உதட்டைப் பிதுக்கினார்.

மீதியையாவது படியுங்கள் என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூச்சுவிடாமல், கடகடவென்று படித்தார். அறை சிறியது, பிள்ளைகள் அதிகம். அவசரத்துக்கு வெளியேற இரண்டாவது வழி கிடையாது. இந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து குடியிருப்பவன் என்ற முறையில் இதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கழிப்பறை ஒன்றே ஒன்றுதான். உடனே நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.

படித்து முடித்ததும் தாளை நான்காக மடித்தார்.

கட்டிய நாளிலிருந்தா?

அப்படியானால் மாடிவீட்டுக்காரி இல்லை. அழுதது நடிப்பு இல்லை. படிக்கட்டில் கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் திரும்பிவந்து அவளையே கேட்டது.

பின்னே யார்? ஆரம்பத்திலிருந்து அங்கே இருப்பது இரண்டே குடும்பம். ஒன்று அவர்களுடையது. இன்னொன்று பின்பக்கத்துப் பெரியவருடையது. பெரியவருக்குக் காதருகில் இடி விழுந்தாலும் கேட்காது. குழந்தைகள் கத்துவது அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

இவர் அவசரத்தில் ஏதோ தப்பாகப் படித்திருக்கிறார். அப்படித்தான் இருக்கவேண்டும்.

தாளைக் கேட்டாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் படும் பாட்டைப் பார்த்த அதிகாரி, தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தார்.

கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கியது. ஒரு விரலால் அதைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள்.

அறை சிறியது, பிள்ளைகள் அதிகம். இருந்தது.

இரண்டாவது வழி. இருந்தது.

கழிப்பறை. அதுவும் இருந்தது.

விரல் மேலே ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. வழிக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு முழு வரி நீளத்துக்குக் கறுப்புப் பட்டை. ஓர் எழுத்தின் வால்கூட வெளியே தெரியவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றி அதிகாரியிடம் கொடுத்தாள். தாளைக் கணவர் பக்கம் திருப்பி, அந்தப் பட்டையின்மேல் விரலை வைத்தாள்.

"இந்த வரிய மட்டும் இன்னொரு தடவ படிங்க."

அவர் வாயைத் திறந்தார். அப்புறம்தான் தாளைப் பார்த்தார்.