பதில் வராத பெயர்

மகளின் கல்யாணப் பத்திரிகையை நான்கு முறை அனுப்பியும் செண்பகவல்லியின் வீட்டுப் பிரிண்டர் அசைந்து கொடுக்கவில்லை. பழுது பார்க்க வந்த நஸ்ரீன் வைஃபையை அணைத்துப் போட்டாள், கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் குலுக்கினாள், கடைசியில் திரையைப் படித்தாள்.

"மெஷின்ல கோளாறு இல்லக்கா. பேரு போட்டவங்க சம்மதிச்சாத்தான் இது அடிக்கும். பத்திரிகையில பேரு இருக்கிற எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கிடுச்சு. மாணிக்கவேலுன்னு ஒருத்தர்தான் பதில் சொல்லல. யாரு அவரு?"

"பொண்ணோட அப்பா. கடலுக்குப் போயி ஆறு வருஷமாச்சு."

நஸ்ரீன் தயங்கியபடி சொன்னாள்.

"பேருக்கு முன்னால 'தெய்வத்திரு'ன்னு போட்டா யாரையும் கேக்காது, உடனே அடிச்சிரும். ஆனா அவரை இறந்தவங்க பதிவேட்டுலயும் சேத்துரும். போட்டுரவாக்கா?"

செண்பகவல்லியின் விரல் தானாக நெற்றிப் பொட்டைத் தொட்டது.

"அந்த எடத்தக் காலியா விட்டு அடிம்மா."

அடுத்த நொடியே பிரிண்டர் ஓடத் தொடங்கியது. முந்நூறு பிரதிகளும் வந்து விழுந்தன. அவள் முதல் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, வாயால் ஒருநாளும் சொல்லியிராத பெயரைத் தன் பெயருக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் பேனாவால் எழுதினாள்.

நஸ்ரீன் பையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"முன்னாடி அவரு பேரோட அனுப்பினது இன்னும் மெஷின்ல அவரு பதிலுக்காக வரிசையில நிக்குதுக்கா. அழிச்சிரவா?"

"நிக்கட்டும்மா. நான் ஒருத்திதான் காத்துக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன்."