பதினெட்டாவது அடியில் கதவு

அவன் கிணறு வெட்டுவதை அவன் பெண்டாட்டி ஆறு மாதமாக வீடியோ எடுத்து யூடியூபில் போட்டாள். ‘கிணறு வெட்டுகிறோம்’ என்று உள்ளதைத் தலைப்பாக வைத்தார்கள். நாற்பத்தொரு பேருக்கு மேல் யாரும் பார்க்கவில்லை. இந்தக் கிணற்று வீடியோவும் ஓடாவிட்டால் அவள் மறுபடி கல் சுமக்கப் போக வேண்டும்.

பதினாறு அடி வெட்டியிருந்தபோதே அவள் அடுத்த வீடியோவின் முகப்புப் படத்தை, தம்ப்நெயிலை, செய்துவிட்டாள். குழியின் தரையில் சிவப்புக் கதவு, அதைக் காட்டி ஓர் அம்பு, பக்கத்தில் வாயைப் பிளந்த புருஷன். தலைப்பு: ‘பதினெட்டாவது அடியில் கதவு!’

“ஏண்டி, மண்ணத் தவிர அங்க என்ன இருக்கு? காறித் துப்புவாங்க.”

“பாத்துட்டுத் துப்பட்டும். நீங்க வெட்டுங்க.”

மறுநாள் பதினெட்டாவது அடியில் கடப்பாரை மரத்தில் இடித்தது. மண்ணைத் தள்ளினான். சிவப்புக் கதவு. அவள் வரைந்த அதே பித்தளைக் கைப்பிடி. அவன் வாய் தானாகப் பிளந்தது.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

“இனி உன் தலையில கல்லு ஏறாதுடி!” என்று குழி ஓரத்தில் அவளைத் தூக்கிச் சுற்றினான்.

அப்போது கீழே கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. மறுபடி மூன்று.

அவன் கையிலிருந்து குதித்து, அவள் போனை எடுத்தாள். குழிக்குள் குனிந்து கத்தினாள்: “கொஞ்சம் பொறுங்க! உங்களுக்கு இன்னும் தம்ப்நெயில் போடல!”

தட்டுவது நின்றது.