மூழ்காத கப்பல்

உலகப் போர் முடிந்த ஒன்பதாம் நாள், வாசல் கேமராவில் மாலுமிக் கணவன் மிக்கேலின் முகம் தெரிந்தது. ஜெசிந்தா கதவைத் திறக்கவில்லை. முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் கணினியில் போலியாகச் செய்துவிடுகிறார்கள்.

“நம்ம கல்யாணத்தன்னைக்கு என்ன தொலைஞ்சுது?”

“உன் கொலுசு. என் ஷூவுக்குள்ள கெடந்துச்சு.”

அதை அவர்கள் போனில்கூடப் பேசியதில்லை. திறந்தாள்.

“உங்க கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடிச்ச வீடியோவப் பாத்துத்தானே சண்டையே ஆரம்பிச்சுது?”

“கப்பல் மூழ்கவே இல்ல. யாரோ செஞ்ச வீடியோ அது. எங்களை ஒரு தீவுல அடைச்சு வச்சிருந்தாங்க. கிளாட்வின் எங்க?”

சுவரில் மிக்கேலின் படத்துக்குப் பக்கத்தில், ராணுவ உடையில் மகனின் படமும் மாலையோடு தொங்கியது.

“உங்களுக்காகப் பழிவாங்கத்தான் பட்டாளத்துக்குப் போனான்.”

“அவன் உடம்பு வந்துச்சா?”

“வீடியோதான் அனுப்புனாங்க.”

கணவன் படத்து மாலையைக் கழற்றிய அவள் கை, மகன் படத்தருகே போய் அப்படியே நின்றது.